பிஸ்கட் டின்னில் அடைபட்ட கார்

கார் என்பது நான்கு சில்லுகளில் ஓடும் வாகனம் என்று நாடு முழுவதும் நம்பப்படுகிறது. படித்தவர்களும் நம்புவதால், மிகுந்த பொறுப்போடு திருத்துகிறேன்: இன்றைய கார் என்பது ஓயாமல் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருக்கும் பல கம்ப்யூட்டர்களின் கூட்டம். சில்லுகள் அவை ஊர் சுற்றுவதற்காகப் பூட்டப்பட்டவை. புத்தளத்தில் கார்களுக்கு ஸ்கேன் பார்க்கிறேன். அதாவது, அந்தக் கதையை ஒட்டுக்கேட்பது என் தொழில். கார் வாங்கிய நாளோடு நிம்மதியை விற்ற வாசகர்களே, கேளுங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு

தில்லையடியில் ஒரு ஹாஜியார். மகளின் கலியாணத்துக்கு முன் வீட்டில் ஒரு கார் நிற்க வேண்டும் என்று, ஜப்பானில் ஓடிய ஹைபிரிட் ஒன்றை வாங்கினார். பெட்ரோல் கணக்கைப் போனில் பார்க்க, ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியையும் சொருகிக்கொண்டார். அதன் ரகசிய எண் தொழிற்சாலையில் வைத்தபடியே 1234. மாற்றுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். "எண்ட காருக்குள்ள யாரு வரப்போறான்?" என்று சிரித்தார்.

நான்காவது தடவை சொல்லவில்லை. என் கடை வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு அவர் காருக்குள் இருந்தபோது, என் போனை அந்தக் கருவியோடு இணைத்தேன். "ஹாஜியார், டாங்கில் கால்வாசிதான் இருக்கிறது" என்று கடைக்குள்ளிருந்தே கத்தினேன். இறங்கி ஓடிவந்தார்.

"ஃபுல் டாங்க் எண்டு பொஞ்சாதிக்கிட்ட செல்லி வெச்சிரிக்கன். இது அவட போனுக்கும் செல்லுமா?"

திறப்பு ஊமையான விதம்

பயம் வந்த மனிதருக்குச் சந்தேகமும் வரும். "வேற எப்பிடிக் களவெடுப்பானுகள்?" என்றார். விளக்கினேன். இந்தக் காரின் திறப்பு, அதாவது சாவி, சட்டைப்பையில் இருந்தாலே கதவு திறக்கும். காரும் திறப்பும் காற்றில் பேசிக்கொள்கின்றன. வீட்டுச் சுவரோரம் ஒருவனும் காரருகே ஒருவனும் கருவியோடு நின்றால், அந்தப் பேச்சை நீட்டி, திறப்பு பக்கத்தில் இருப்பதாகக் காரை ஏமாற்றலாம். திறப்பைத் தகர டின்னில் போட்டு இறுக மூடினால் பேச்சு வெளியே வராது.

பெருநாள் பலகாரத்துக்கென்று வீட்டில் அடுக்கியிருந்த பிஸ்கட் டின்களில் ஒன்று அன்றே காவலுக்கு அமர்ந்தது. ஹாஜியாரின் மனைவி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"தங்கம் பூட்டில்லாத அலுமாரியில கிடக்கு. இவரு திறப்புக்குக் காவல் வெக்கிறாரு. ஸ்கேன் மெஷின்ல மனுசரையும் பாப்பீங்களா தம்பி?"

கனமூலையில் திறந்த டின்

மாப்பிள்ளையின் ஊர் கனமூலை. அவருடைய வாப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். சீதனம் என்ற பெயரில் ஒரு கரண்டி வந்தாலும் கலியாணம் நின்றுவிடும் என்று சபையில் சொன்னவர், செய்யக்கூடியவரும்கூட. பெருநாளைக்குப் பெண் வீட்டிலிருந்து பலகாரம் போனது. ஒரே மாதிரி ஐந்து டின்கள். நான்கில் தொதலும் முறுக்கும். ஐந்தாவதில் கார்த் திறப்பு.

அரை மணித்தியாலத்தில் அதிபரின் அழைப்பு வந்தது. "ஹாஜியார், பலகாரத்துக்குள்ள கார் ஒளிச்சுக் குடுக்கிறத இப்பத்தான் பாக்கிறன். வேற எடம் பாருங்க."

ஹாஜியார் ஓட்டோவில் என் கடைக்கு வந்து சேர்ந்தார். கார் அசையாது, இருந்தது அந்த ஒரு திறப்புத்தான். "மகள் அழுதுக்கிட்டு இரிக்கிறா. டின்னு உண்ட யோசன. நீயே வந்து செல்லு."

போனேன். ரேடியோ அலையில் தொடங்கி அரை மணித்தியாலம் விளக்கினேன். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "பாடம் நல்லம். செய்முறை எங்க?" என்றார்.

டின்னை மடியில் வைத்தபடி எங்களோடு அதே ஓட்டோவில் தில்லையடிக்கு வந்தார். மூடிய டின்னோடு காரை நெருங்கிக் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. மூடியைத் திறந்தார். விளக்குகள் சிமிட்டின, பக்கக் கண்ணாடிகள் இரண்டு காதுகள்போல் விரிந்தன. அதிபர் ஓரடி பின்னால் துள்ளினார். பூட்டினார், மூடினார், இழுத்தார், திறந்தார். ஒன்பது தடவை எண்ணினேன். பத்தாவது தடவைக்கு முன் அதிபர் வீட்டு வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"மருமகளையும் வரச் சொல்லுங்க. இத அவவும் பாக்கோணும்!"

கலியாணத்தன்று தில்லையடியிலிருந்து போன பலகாரம் அத்தனையும் கண்ணாடிப் போத்தல்களில் போனது.