பெயர் ஓடியதும் விளக்கு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. ஊருக்கு அவர் பன்னிரண்டு. அறுநூற்று நாற்பது இருக்கைகள் உள்ள தியேட்டரைப் பன்னிரண்டே நிமிடத்தில் காலி செய்து, கூட்டிப் பெருக்கி, யாரோ விட்டுப்போன குடையையும் ஒற்றைச் செருப்பையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்த காட்சிக்குக் கதவைத் திறக்கிற வித்தை அவருக்கு மட்டும்தான் கைவந்தது. ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஒரு மனிதன் எப்படி வீடு போய்ச் சேருகிறான் என்பதுதான் இருபத்தேழு வருடமாக அவருக்கு விளங்கவில்லை.

வித்தையின் ரகசியம் விளக்கில் இருந்தது. படம் முடிந்து முதல் பெயர் திரையில் தலைகாட்டியதோ இல்லையோ, சுவரில் இருக்கும் பெரிய ஸ்விட்ச்சை ஒரே தட்டாகத் தட்டிவிடுவார். பளிச்சென்று வெளிச்சம் வந்தபிறகு எவனுக்கும் உட்காரத் தோன்றாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான். மேலே படம் ஓட்டும் ஆபரேட்டருக்கும் அதுவே அடையாளம். கீழே விளக்கு எரிந்தால் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் பெயர்களை எல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?

பன்னிரண்டு படம் பார்ப்பதில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார். பார்ப்பதெல்லாம் முகங்களைத்தான். எங்கே அழுவார்கள், எங்கே பக்கத்து ஆளின் தொடையில் அறைவார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒரே படத்துக்கு ஏன் இப்படி விழுந்தடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று மேனேஜர் ஒருமுறை கேட்டார்.

"கதைக்கு வர்றதில்ல சார். தூக்கிவாரிப் போடணும், அதுக்கு வர்றாங்க. வீட்டுல தனியாத் தூக்கிவாரிப் போட்டா அது பயம். அறுநூறு பேருக்குச் சேர்ந்து போட்டா அது சந்தோஷம்."

மேனேஜர் அதைத் தன் சொந்தக் கருத்தாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அப்படித் தூக்கிவாரிப் போட்ட படம் ஒன்று போன வருடம் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரண்டு நண்பர்களின் கதை. கடைசியில் நாயகனைக் கிடங்குக்குள் வைத்து யாரோ வெளியே பூட்டிவிட, உள்ளே தீ. நண்பன் கூரையைப் பிரித்துக் குதித்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். பெயர்கள். விளக்கு. கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியேறியது.

பூட்டியது யார்? அதுதான் ஊரின் பேச்சு. முதலாளி என்றார்கள், போலீஸ்காரர் என்றார்கள். முடிவெட்டும் கடைக்காரர் ஆளுக்கொரு குற்றவாளியைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாகம் வரும், அதில் தெரியும் என்று எல்லாரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வெளியூர் போய்வந்த லாரி டிரைவர் ஒருவர் மட்டும், "பேரெல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு இன்னொரு சீன் இருக்குய்யா" என்று ஆரம்பித்தார். "சாப்பிட்டுக் கை கழுவின பிறகு யாராவது சோறு போடுவாங்களா? போய் வண்டியைப் பாருய்யா" என்று கடைக்காரர் அவர் வாயை அடைத்துவிட்டார். பாதி சவரத்தில் இருந்த டிரைவரால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை.

அந்தப் படத்தைப் பன்னிரண்டின் மனைவி ஒன்பது தடவை பார்த்தாள். நோட்டுப் புத்தகம் தைக்கும் கூடத்தில் வேலை முடித்து, விரலில் பசை காயாமலே வந்து கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். சினிமா என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவள். எதற்காக வருகிறாள் என்று அவருக்குப் புரிந்துதான் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று தடவை ஆள் அனுப்பியும் அவன் வரவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்து நின்றான். "வெளியே போ" என்றாள். பதினொரு வருடம் அவன் பேச்சையே வீட்டில் எடுக்கவிடவில்லை.

ஒன்பதாவது தடவை பார்த்த மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனாள். சாயங்காலம் தம்பியும் ஒரு பையுமாகத் திரும்பி வந்தாள். "அந்தப் படத்துல கூடப் பிறக்காதவனே தீக்குள்ள குதிக்கிறான். கூடப் பிறந்தவனை நான் வாசல்லயே நிக்க வச்சிட்டேன்" என்றாள். இரண்டு நாள் இருக்க வந்தவன் இங்கேயே மோட்டார் பட்டறையில் வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டான். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு உரக்கச் சிரிக்க வரும் என்பதையே பன்னிரண்டு மறந்துபோயிருந்தார்.

இரண்டாம் பாகம் வெளியாவதற்கு முந்தைய நாள், புது ஸ்பீக்கர் மாட்ட வெளியூரிலிருந்து சவுண்டு மெக்கானிக் வந்தார். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க, காலி அரங்கில் முதல் பாகத்தின் கடைசிப் பகுதியை ஓடவிட்டார். பன்னிரண்டு துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். தீ அணைந்தது, நண்பர்கள் அழுதார்கள், முதல் பெயர் வந்தது. கை தன்னால் ஸ்விட்ச்சுக்குப் போயிற்று.

"அண்ணே, இருங்க. இன்னும் படம் இருக்குல்ல?"

"படம் முடிஞ்சிடுச்சு."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

பெயர்கள் ஓடின. அத்தனை பேர் ஒரு படத்துக்கு வேலை செய்கிறார்கள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு திரை இருண்டு, மறுபடி வெளுத்தது. எரிந்துபோன கிடங்கின் வாசலுக்கு நண்பன் தனியாக வருகிறான். சாம்பலுக்குள்ளிருந்து பூட்டை எடுக்கிறான். தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திறக்கிறான்.

துடைப்பத்தைப் பிடித்தபடியே பன்னிரண்டு அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பூட்டியவன் அவன்தானா? உலகத்துக்கே தெரிந்த விஷயம், இந்த ஒரு ஊருக்குத் தெரியாமல் போனது தன் கையாலா? நூற்று ஐந்து நாள், தினம் நாலு காட்சி, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தட்டு. ஊர் கிடக்கட்டும் என்று அடுத்த நொடியே மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். அவள் அந்த நண்பனை நம்பித்தானே தம்பியைக் கூட்டிவந்தாள். நாளைக்கு அவள் வந்து உட்கார்ந்து, இரண்டாம் பாகத்தில் இதைப் பார்த்தால்?

வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றாமலே ஆரம்பித்தார். "நாளைக்குக் கூட்டம் நெரியும். அடுத்த வாரம் நிதானமாப் பார்க்கலாமே."

"காலை ஆட்டத்துக்கு மூணு சீட்டு சொல்லி வச்சாச்சு. என்னங்க, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"அக்கா, மாமா சொல்றது சரிதான். அடுத்த வாரம் போலாமே" என்றான் தம்பி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? நான் மட்டும் போறேன் போங்க." அதோடு பேச்சு முடிந்தது. மச்சினன் ஏன் தன் பக்கம் பேசினான் என்று பன்னிரண்டு யோசிக்கவே இல்லை. தன் குற்றமே அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது.

மறுநாள் காலைக் காட்சியில் தரையில் உட்காரவும் இடம் இல்லை. மனைவியும் மச்சினனும் வழக்கமான வரிசையில் இருந்தார்கள். மூன்றாவது சீட்டில் அவளுடைய கைப்பை. பன்னிரண்டு கதவோரம் தன் இடத்தில், திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். முதல் காட்சியே அதுதான். கதை மறந்தவர்களுக்காக அந்தச் சாம்பல், அந்தப் பூட்டு, அந்தச் சாவி.

அறுநூற்று நாற்பது வாய்கள் ஒரே நேரத்தில் பிளந்ததை அவர் பார்த்தார். விசில் இல்லை, கூச்சல் இல்லை. ஒரு பாப்கார்ன் பொட்டலம் எங்கோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் படத்துக்கும் எந்த ஊரிலும் அப்படி ஒரு அதிர்ச்சி கிடைத்திருக்காது. மற்ற ஊர்க்காரர்கள் தெரிந்துகொண்டல்லவா வந்திருப்பார்கள். பிறகு லாரி டிரைவர் நாற்காலி மேல் ஏறி நின்று, "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்லய்யா!" என்று கத்தினார். அரங்கம் இடிந்து விழுவது போல ஆரவாரம் எழுந்தது. முடிவெட்டும் கடைக்காரர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மனைவியின் முகத்தைத் தேடினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைவிட அவரை உலுக்கியது பக்கத்து முகம். அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மச்சினன் ஒருவன் மட்டும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வியப்பே இல்லை. தெரிந்த அடி விழப்போகிறது என்று காத்திருப்பவனின் முகம் அது. இவனுக்கு முன்பே தெரியும்!

இடைவேளைக்கு விளக்கைப் போட்டதும் பன்னிரண்டு ஓடினார். பக்கவாட்டு வழியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கும் இடத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள்.

"தப்பு என்னோடது" என்று மூச்சு வாங்கினார். "பேர் ஓடினதும் லைட்டைப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் இது இருந்திருக்கு. நேத்துதான் தெரிஞ்சுது."

"எனக்கு அப்பவே தெரியும், மாமா" என்றான் மச்சினன். "எங்க ஊர்ல முழுசாப் பார்த்துட்டேன். அக்கா வாசல்ல வந்து நின்னு, அந்தப் படத்துல நண்பன் தீக்குள்ள குதிச்சதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்டான்னு சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அக்கா கடைசி வரைக்கும் பார்க்கலைன்னு புரிஞ்சுது. சொன்னா அப்படியே திரும்பிப் போயிடுவியோன்னு சொல்லலைக்கா."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு சினிமாவை நம்பியா உன் வாசலுக்கு வந்தேன்? என்னை என்னன்னு நினைச்சீங்க ரெண்டு பேரும்? வர்றதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணும்டா. பதினொரு வருஷமாக் கிடைக்கல. அந்தப் படம் குடுத்துச்சு, வந்தேன்." தம்பி பக்கம் ஓரடி வைத்தாள். "அதை விடு. அன்னிக்கு ஏன் வரலை? திரும்பி வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூடக் கேக்கல நான். இப்போ கேக்குறேன்."

மச்சினன் சுவரைப் பார்த்தான்.

"வந்தேன்க்கா."

"என்ன?"

"காலையில பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். மேல ஏற முடியல. அப்பாவை அந்தக் கோலத்துல பார்க்க என்னால முடியல. திரும்பி நடந்தேன். இந்தத் தியேட்டருக்குத்தான் வந்தேன். மாமா வாசல்ல நிக்கிறாரான்னு எட்டிப் பார்த்தேன். அன்னிக்கு அவர் லீவு, வேற யாரோ நின்னாங்க. உள்ள போய் உட்கார்ந்துட்டேன். மூணு ஆட்டம். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் வெளியே வந்து, மறுபடி சீட்டு வாங்கி உள்ள போனேன்."

பன்னிரண்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் எடுத்த விடுப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று மாமனார் கண்மூடிய நாள். இங்கிருந்து ஆஸ்பத்திரி எட்டு நிமிட நடை. அங்கே இவள் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்க, இவன் இங்கே இருட்டில், தெரியாதவர்களுக்கு நடுவில்.

பிறகு அவள் கேட்டது அவர்கள் இருவரும் எதிர்பாராதது.

"என்ன படம்?"

"ஞாபகம் இல்லக்கா. மூணு தடவை பார்த்தேன். ஒரு காட்சிகூட ஞாபகம் இல்ல."

இடைவேளை முடிந்த மணி அடித்தது. உள்ளே கூட்டம், "லைட்டை அணைங்க! பன்னெண்டு எங்கய்யா?" என்று கூச்சல் போட்டது. அவர் அசையவில்லை. அவள் தம்பியின் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் பன்னிரண்டு நினைத்தார்.

"அப்பா என் கையைப் பிடிச்ச பிடியை விடவே இல்லடா. எனக்கும் எழுந்து ஓடிடணும்னுதான் இருந்துச்சு. நீ வந்ததும் அந்தக் கையை உன் கையில குடுத்துட்டு ஓடிடலாம்னுதான் உனக்கு மூணு தடவை ஆள் அனுப்பினேன்."