வேட்டைப் பங்கு

எங்கள் குடும்பத்தில் வேட்டைக்காரர் நான்கு தலைமுறை. பூட்டன், அப்பப்பா, அப்பா, பிறகு நான். கடிக்க வந்த நுளம்பைத் தவிர நான் எதையும் அடித்ததில்லை என்பது வேறு கதை. அப்பா அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார். பெண்பிள்ளை என்று என்னை விலக்கவில்லை.

வன்னிக் காட்டில் துவக்கோடு திரிந்த மனிதர், ஜேர்மனியில் ஹனோவருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், உணவகமொன்றில் கோப்பை கழுவினார். துவக்கு இல்லாதபடியால் வேட்டையை வாயாலேயே எனக்குத் தந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்கவும், பனியில் கிடக்கும் காலடியைப் பார்த்து எது எப்போது போனது என்று சொல்லவும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்றுதான் தெரியாது. அந்த ஊரில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும்தான். எங்கள் கட்டிடத்தில் வேறு ஏழு வீடுகள் இருந்தன. படிக்கட்டில் கண்டால் வணக்கம் சொல்வார்கள், பிறகு கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு பிறந்தநாளுக்குக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

இலை உதிரும் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். காட்டோரத்திலிருந்து ஒரு மான் குறுக்கே பாய்ந்து, எங்கள் காரில் அடிபட்டு விழுந்தது. அப்பா இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தார். உயிர் இல்லை. சத்தம் போடாமல் அதை டிக்கியில் ஏற்றத் தொடங்கினார்.

“இஞ்சேருங்கோ, கோயிலாலை வாற கார் இது,” என்றார் அம்மா.

“அம்மாள்தான் தந்திருக்கிறா.”



குளியல் தொட்டிக்குள் வைத்து அப்பா அதை உரித்தார். பாட்டுக்கூடப் பாடினார். பிறகு எட்டுப் பங்கு போட்டார். வேட்டை இறைச்சியைக் கதவைச் சாத்திவிட்டுத் தின்றால் அடுத்தமுறை காடு ஒன்றும் தராது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த பிறகுதான் எங்கள் அடுப்பில் ஏறும். பங்கை வாங்கிவிட்டார்கள் என்றால் அந்தக் கட்டிடத்தில் நாங்களும் ஒரு வீடு ஆகிவிடுவோம் என்று அப்பா நம்பினார். நானும்தான்.

மறுநாள் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். சொப்பிங் பைகள் அப்பாவின் கையில், ஜேர்மன் என் வாயில்.

“வேட்டைப் பங்கு எண்டு சொல்லு, பிள்ளை.”

அப்படியே சொன்னேன். மேல்வீட்டுக்காரர் புருவத்தை உயர்த்தினார். எதிர்வீட்டுப் பெண், எங்கே வேட்டையாடினோம் என்று விசாரித்தார். நான் கோயில் பாதையைச் சொன்னேன். ஏழு பேரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுச் சுவர்களில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருடைய பிறந்தநாளுக்கு எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பின்னேரம் மணி அடித்தது. வாசலில் ஒரு பொலிஸ்காரரும் பச்சைத் தொப்பி போட்ட வயதான ஒருவரும் நின்றார்கள். அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமை தொப்பிக்காரருக்காம். காரில் அடிபட்டுச் செத்த மானும் அவருக்குத்தான் சொந்தமாம். பொலிஸுக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனால் அது களவாம். இதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னவள் நான்தான். அம்மா சுவரில் சாய்ந்து, “எங்கடை விசா,” என்று முணுமுணுத்தார். வந்தவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் எங்கள் ஏழு பைகளும் இருந்தன. ஒன்றின் முடிச்சும் அவிழ்ந்திருக்கவில்லை.

தொப்பிக்காரர் குனிந்து ஒரு பையைத் திறந்தார். மூட்டில் கத்தி எப்படிப் போயிருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்கு இதை யார் பழக்கியது என்று என்னிடம் கேட்டார்.

“என்ரை ஐயா. அவருக்கு அவற்ரை ஐயா,” என்றார் அப்பா.

நான் அதை ஜேர்மனில் சொன்னதும், தனக்கும் தன் அப்பாதான் பழக்கினார் என்றார் அவர். பிறகு பொலிஸ்காரரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ பேசினார். வழக்கு எழுதவில்லை. ஏழு பைகளையும் தூக்கிக்கொண்டு, அப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனார். எட்டாவது பங்கு அடுப்பில் கறியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் தின்ன மனம் வரவில்லை.

தொப்பிக்காரர் மறுபடி வருவார் என்று சில ஞாயிற்றுக்கிழமைகள் ஜன்னலில் நின்று பார்த்தேன். வரவில்லை. படிக்கட்டில் கண்டவர்கள் வழக்கம்போல வணக்கம் சொன்னார்கள். அப்பாதான் நிமிராமல் ஏறிப் போனார். வேட்டைக் கதைகளும் நின்றுபோயின. முன்பு வீட்டுக்கு வெளியேதான் எனக்குத் தனிமை. இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அடுத்தமுறை கோயிலுக்குப் போகும்போது, வயல் கரையில், பற்றைக்குள் முக்கால்வாசி மறைந்தபடி ஒரு மான் நின்றது. அப்பாவுக்கு முன்னம் நான் ஒன்றைக் கண்டது அதுதான் முதல்தரம்.

“அப்பா, அங்கை. வலப்பக்கம். காது மட்டும் தெரியுது.”

அப்பா நேரே பார்த்தபடி காரை ஓட்டினார். இன்னொருமுறை சொன்னேன். வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு போகிறது, கெதியாகக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று சொன்னேன்.