சாட்சி சொல்லச் சொன்னார்கள்

துக்க வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். டீயைக் குடித்துக்கொண்டே ஆண்டவர் மனதில் என்ன இருக்கிறது என்று விளக்குகிறவர்களைத்தான் முடியாது. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் குமட்டுகிறது.

பாம்பன் பாலத்தில் பஸ் ஓட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அக்காள்மடத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரும் அடுத்த வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்தார்கள். ஒரு வள்ளம், இரண்டு வீட்டுச் சோறு.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் வேறு சாமி கும்பிட்டு வளர்ந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள் என்று சபையில் ஒரு முணுமுணுப்பு உண்டு. எடுத்தது கல்யாணத்துக்காகத்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நம்பிக்கை பிறகு வந்தது, யாரும் கூப்பிடாமல், அடுப்படியில் நான் தனியாக இருந்த ஏதோ ஒரு நாளில். அது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு, பின்வாங்கிப் போனவள் என்று எனக்கு முத்திரை குத்திவிடுவார்கள். எங்கள் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

அந்த ஐப்பசியில் வாடைக்காற்று எதிர்பாராமல் வேகமெடுத்தது. மற்ற வள்ளங்கள் எப்படியோ கரையேறிவிட்டன. எங்கள் வள்ளம் மட்டும் வரவில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மறுநாளே சபைப் பெண்கள் பைபிளும் கையுமாக வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டு அக்காவையும் என் வீட்டுக்கே கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழ விட்டார்களா? "அழாதீக சிஸ்டர், ஸ்தோத்திரம் சொல்லுங்க. அழுதா ஆண்டவரு மேல நம்பிக்கை இல்லேன்னு ஆயிரும்" என்று வாயைப் பொத்தாத குறையாக அடக்கினார்கள். ஒருத்தி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு கண்ணைத் திறந்து, கையை நீட்டி, என் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். புருஷன் காணாமல் போன வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் அவளுக்கு ஆமென் வராது போலிருக்கிறது.

போதகர் வந்தார். பெரிய குரல், சின்ன மனசு. "ஒரு துளி சந்தேகம் போதும்மா, பாலுல மோரு விழுந்த மாதிரி அம்புட்டும் திரிஞ்சு போகும். அவரு வந்துட்டாருன்னே நெனைங்க" என்றார். அவர் போன பிறகுதான் அந்தப் பேச்சு வேலை செய்ய ஆரம்பித்தது. கெட்டதாக ஒரு நினைப்பு வந்தாலே பதறினேன். நான் சந்தேகப்பட்ட அந்த நிமிஷத்தில் அங்கே கடலில் என் வீட்டுக்காரர் கை விட்டு மூழ்கிவிடுவாரோ என்று நடுங்கினேன். அடுப்படியில் எனக்குத் துணையிருந்த ஆண்டவரைத் துரத்திவிட்டு, தப்பு கண்டுபிடிக்கக் காத்திருக்கும் ஒரு கடுகடுப்பான ஆளை என் வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தார் போதகர். அதை நான் மன்னிக்கவில்லை.

அக்காதான் ஏர்வாடி தர்காவுக்குப் போகலாம் என்றாள். "அங்கன போயி விழுவோம் புள்ள. ஏதாச்சும் ஒரு கதவு தெறக்காதா?" அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. யார் எந்தத் திசையைக் காட்டியிருந்தாலும் ஓடியிருப்பேன்.

இராமநாதபுரத்தில் பஸ் மாறி, கீழக்கரை தாண்டி ஏர்வாடி போய்ச் சேர்ந்தோம். தர்காவில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தோம். அக்கா வாய்விட்டுக் கதறினாள். யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மா, "கடலுக்குப் போனவுகளா?" என்று மட்டும் கேட்டார். "அல்லாவோட நாட்டம் என்னன்னு நமக்குத் தெரியாதும்மா. அழுங்க" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நானும் அழுதேன். காணாமல் போனவருக்காக நான் முழுசாக அழுதது அங்கேதான். நான் பேசியது என்னவோ இயேசுவிடம்தான். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமல் அவர் ஒன்றும் திகைத்திருக்க மாட்டார்.

திரும்பும்போது நான் பாம்பனிலேயே இறங்கிக்கொண்டேன். படகுக்காரர்களிடம் ஏதாவது தகவல் கிடைக்குமா என்று பார்க்க. அக்கா மட்டும் அக்காள்மடத்தில், தர்காவில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தோடு இறங்கியிருக்கிறாள். அதைப் பார்த்தது யார் என்கிறீர்கள்? அதே குழம்புச் சட்டிக்காரி. அக்கா ஏர்வாடிக்குப் போய்வந்தாள் என்று அன்றைக்கே சபை முழுக்கப் பரவிவிட்டது, என் பேர் அதில் இல்லை.

அதற்கு மறுநாள் தேவிபட்டினத்திலிருந்து செய்தி வந்தது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒருவரை அந்த ஊர்ப் படகுக்காரர்கள் தூக்கியிருந்தார்கள். அது என் வீட்டுக்காரர். அவர் மட்டும்தான். அக்காவின் வீட்டுக்காரரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

உதடு வெடித்து, தோல் உரிந்து வந்தவர் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போதே அடுத்த வீட்டு அழுகை சுவர் தாண்டிக் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் மைக்கைப் பிடித்தார். ஒருத்தி அசையாமல் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டாளாம், இன்னொருத்தி அவசரப்பட்டுக் கை மாறிப் போனாளாம். பலன் கண்முன்னால் இருக்கிறதாம். பெயர் சொல்லவில்லை. அவசியமும் இல்லை, எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. அக்கா அங்கேதான் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு சாவை வைத்து எனக்குப் புகழ் சேர்க்கிறார்கள்! ஆராதனை முடிந்ததும் போதகர் என் பக்கம் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஆண்டவரு செஞ்ச அற்புதத்த அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் எல்லாரு முன்னாலயும் சாட்சி சொல்லணும்மா. சபைக்கு அது பெலன்."

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் முதல் முறையாக நீளமாகப் பேசினார்.

"என்னத்தச் சொல்லச் சொல்றாக? அந்தப் பக்கம் அவன் புடிச்சிருந்தான், இந்தப் பக்கம் நான். அவன் கை நழுவுனத நான் பாத்தேன். அதையும் சாட்சியில சொல்லவா?"

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன்.

சாட்சி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கினேன். "நானும் ஏர்வாடிக்குப் போனேன்" என்றேன். "அந்தக்காவும் நானும் ஒரே பஸ்ஸுல போயி, ஒரே இடத்துல உக்காந்து அழுதோம். எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு, அவுக வீட்டுக்காரரு வரலை. ஏன்னு எனக்குத் தெரியாது. போதகரய்யாவுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசாதீக."

நான் சொன்னது மண்டையில் ஏறுவதற்கு முன்பே, பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். போதகர் மைக்கைப் பிடுங்கிப் பாட்டை ஆரம்பித்தார். கைதட்டல் தப்புந்தவறுமாக எழும்பியது. குழம்புச் சட்டிக்காரி, தொட்டால் ஒட்டிக்கொள்வேன் என்பது போலச் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அக்காவின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி.

அக்கா எனக்கு முன்பே வெளியே வந்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எதுக்குப் புள்ள சொன்ன?"

"உன்னயத்தானக்கா பேசுறாளுக. நான் எப்படி வாய மூடிக்கிட்டு இருக்கறது?"

"பேசிட்டுப் போறாளுக." குரலை உயர்த்தாமலே சொன்னாள். "நான் அங்கன போனதாலதான் அவரு வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் தப்புன்னாச்சும் ஒரு காரணம் இருந்துச்சு. நீயுந்தான் வந்த. உன் ஆளு வந்துட்டாரு. அப்ப என் ஆளு எதுக்குப் போனாரு? நீ சொல்லு."

மைக் முன்னால் அத்தனை சுலபமாகச் சொன்ன 'தெரியாது', அங்கே எனக்கு வாயில் வரவில்லை. அவள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு நான் போகவில்லை. ஜெபத்தை விடவில்லை. உட்கார்ந்ததும் எனக்கு வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் அக்கா கேட்டதைத்தான் கேட்கிறேன். இதுவரை பதில் இல்லை. சில நாள் ஆண்டவர் மேலேயே அருவருப்பு வந்து எழுந்து போய்விடுவேன். மறுநாள் திரும்பவும் வந்து உட்காருவேன். இவரையும் விட்டுவிட்டால் அந்தக் கேள்வியை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது?