மூடி போட்ட வண்டி

1. காரா, லோடு வண்டியா?

டிரெய்லரிலிருந்து அந்த வண்டியை இறக்கிய அன்று எங்கள் ஷோரூம் வாசலில் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. எதிர்த்த டீக்கடை ரவி கிளாஸ் கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னாலிருந்து பார்த்தால் பெரிய கார். ஐந்து பேர் உட்காரலாம், லெதர் சீட், டச் ஸ்க்ரீன் எல்லாம் உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் மேலே ஒன்றுமில்லாத திறந்த தொட்டி.

"ஏன் சார், இது காரா, லோடு வண்டியா?"

ட்ரெயினிங்கில் இதற்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லைஃப்ஸ்டைல் பிக்கப் என்று சொன்னேன். ரவி நன்றாக யோசித்தார்.

"அப்போ காரும் இல்ல, லோடு வண்டியும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். அந்த வண்டியின் மார்க்கெட் பற்றி நான் கேட்ட முதல் ரிப்போர்ட் அதுதான். பின்னால் வந்த ரிப்போர்ட் எதுவும் அதைவிடச் சுருக்கமாக இல்லை.

நான் வண்டி கழுவுகிற ஆளாகச் சேர்ந்து, டிரைவராகி, சேல்ஸுக்கு வந்து, டீம் லீடராக ஓய்வு பெற்றவன். படிப்பு பத்தாவதோடு சரி. வியாபாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்கள் போகிறபோக்கில் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டதுதான். இப்போது சேல்ஸுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஃபோர் வீல் டிரைவ். சேறு, மணல், பாறை எதற்கும் தயங்காது. கஷ்டம் என்னவென்றால் எங்கள் ஊர் தட்டையான ஊர். கோரிமேட்டு ஏற்றத்தை விட்டால் மேம்பாலம்தான் எங்களுக்கு மலை.

இந்த மாடலுக்கென்றே தனி கவுண்டர் போட்டு, கலைச்செல்வி என்ற பெண்ணை எடுத்திருந்தார்கள். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் சம்பளத்தில்தான் தம்பி ஐடிஐ படித்துக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து வந்த ஏரியா மேனேஜர், அவள் பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் சொன்னார்: "வருஷக் கடைசிக்குள்ள இந்த ஊர்ல ரெண்டு வண்டியாவது ரோட்ல ஓடணும். இல்லன்னா இந்தக் கவுண்டரும் வேணாம், இந்தப் பொண்ணும் வேணாம்."

அவர் குடித்துவிட்டு வைத்த டீ கப்பைக் கலை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

2. பிள்ளைச்சாவடி மணல்

முதலில் மீனவர்களைப் பார்க்கலாம் என்று தோன்றியது. கடற்கரை, மணல், வலை, ஐஸ் பெட்டி. இந்த வண்டிக்கு இவர்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? டெமோ வண்டியை எடுத்துக்கொண்டு நானும் கலையும் பிள்ளைச்சாவடிக்குப் போனோம்.

மணலில் ஓட்டிக் காட்டுவதுதான் திட்டம். போய்ப் பார்த்தால் மணலே இல்லை. கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து வீட்டுச் சுவர் வரைக்கும் வந்திருந்தது. பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். படகு ஏற்றவே இடம் தேடிக்கொண்டிருந்த ஜனங்களிடம் நான் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியைப் பற்றி விளக்கினேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

"நாலு வீலும் இழுக்கும்ன்ற. இந்தக் கடல கொஞ்சம் அந்தாண்ட இழுத்து வுடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் கலை, "சிரிச்சாங்களே தவிர, ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பே இல்ல சார்" என்றாள். அதற்கப்புறம் நாங்கள் அந்தப் பக்கம் வண்டி விற்கப் போகவில்லை.

3. எத்தியேன் அண்ணன்

அந்தக் கோடையில் ஒருவர் தானாக உள்ளே வந்தார். அரியாங்குப்பம்காரர், எத்தியேன் என்று பெயர். சொல்தா குடும்பம், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவர் பிரான்சில் ஒரு ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி, மனைவி லூசியோடு பிறந்த தெருவுக்கே திரும்பியிருந்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

டெஸ்ட் டிரைவில் நோணாங்குப்பம் போட் ஹவுஸ் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். எதற்கு இந்த வண்டி என்று கேட்டேன். அங்கே தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது இப்படி ஒரு வண்டி எதிரே போகுமாம். அந்த ஆசையாம். பின்னால் தொட்டியில் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கலை கேட்டாள்.

"ஏத்தறதுக்கு எங்ககிட்ட என்னம்மா இருக்குது. நானும் அவளும்தான்."

டெலிவரி அன்று கலை வண்டிக்கு மாலை போட்டாள். லூசி அம்மா மாதா கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். ஒரு வண்டி ஆயிற்று, இன்னும் ஒன்றுதான். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: ஒரு தெருவில் முதல் வண்டி நுழைந்துவிட்டால் அதைப் பார்த்து ரெண்டாவது தானாக நுழையும். இத்தனை வருஷத்தில் அது பொய்த்து நான் பார்த்ததில்லை.

4. தெருவின் வண்டி

வண்டி போய்ச் சேர்ந்த வாரத்திலேயே யாரோ பழைய பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போகக் கேட்டிருக்கிறார்கள். பிறகு கல்யாண வீட்டு நாற்காலி, கேஸ் சிலிண்டர், ரேஷன் அரிசி, கோழிக்கூண்டு. மாதா தேர்த் திருவிழாவில் ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு தேருக்குப் பின்னால் போனதும் அந்த வண்டிதான். கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்களாம்: "பின்னாடி காலியாத்தானண்ணே இருக்குது."

எத்தியேன் அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்தவரைத் தெருவில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. வண்டி வந்த பிறகு அவர் எல்லோருக்கும் அண்ணன். ஆகஸ்ட் மாதம் எதிர்பாராமல் ஒரு ராத்திரி முழுக்க மழை கொட்டி, ஆற்றுப் பக்கம் தாழ்வான வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கார்கள் எல்லாம் நின்றுவிட்டன. அவர் வண்டி மட்டும் பம்பர் அளவு தண்ணீரில் போய்ப் போய்த் திரும்பி, பிள்ளைகளையும் வயசானவர்களையும் தொட்டியில் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது. யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்க வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. ஏரியா மேனேஜரே அதை எனக்கு அனுப்பி, கீழே கை தட்டுகிற படம் போட்டிருந்தார்.

இனி ரெண்டாவது வண்டிக்கு அலைய வேண்டியதில்லை என்று நினைத்தோம். கலை அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனாள். எல்லோரும் வண்டியைப் புகழ்ந்தார்கள், மோர் கொடுத்தார்கள். எத்தியேன் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஏழுமலை. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், வாங்கும் வசதி உள்ளவர். அவரிடம் நானே நேரில் போய்ப் பேசினேன்.

"வண்டி சூப்பர் வண்டி சார். ஆனா அதான் அண்ணன்ட்ட இருக்குதே. ஒரு தெருவுக்கு எத்தினி?"

எங்கள் தொழில் கணக்கு அந்த இடத்தில் தலைகீழாகிவிட்டது. கார் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருப்பதைப் பார்த்து இவன் வாங்குவான். இந்த வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருந்தால் இவனுக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. முதல் விற்பனையே ரெண்டாவது விற்பனைக்குக் கதவைச் சாத்திவிட்டது. ஏரியா மேனேஜரிடம் போனில் சொன்னேன்: "சார், இந்த வண்டி இங்க எல்லாருக்கும் வேணும். அதனாலதான் விக்கல." நான் கிண்டல் செய்கிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

5. மூடி

தீபாவளிக்கு முன்னால் எத்தியேன் அண்ணன் சர்வீஸுக்கு வந்தார். ஆள் களைத்திருந்தார். தொட்டி முழுக்கக் கீறல், சிமெண்ட் கறை, மீன் வாசனை. லூசி அம்மா அந்த வண்டியில் கோயிலுக்கு வருவதை விட்டு ஆட்டோவில் போகிறார்களாம். காலையில் எழுந்தால் வாசலில் யாராவது ஒரு மூட்டையோடு நிற்கிறார்கள், வர முடியாது என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது என்றார்.

"இதுக்கு ஒரு மூடி கெடையாதா தம்பி? வாயால சொல்ல முடியல. வண்டி சொல்லட்டும்."

அக்ஸஸரீஸில் இருந்தது. கனமான ஃபைபர் மூடி. தொட்டிக்கு மேலே போல்ட் போட்டு முடுக்கினால் பின்பக்கம் வழவழவென்று கார் டிக்கி மாதிரி ஆகிவிடும். கீழே சின்னப் பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான். கழட்ட ரெண்டு ஆள் வேண்டும். மாட்டி முடித்ததும் அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி மெக்கானிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கலையின் முகத்திலும் ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளிச்சம். அந்த வண்டி மூடிக்கொண்டால் தெருவுக்கு இன்னொன்று வேண்டுமே, ஏழுமலை கட்டாயம் வருவார் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

ஏழுமலை வரவில்லை. ஹார்டுவேர் கடைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லோடு ஆட்டோ வாங்கிப் போட்டார். நாற்காலியும் சிலிண்டரும் அதில் போக ஆரம்பித்தன. கலை போய் விசாரித்தபோது ஏழுமலை வீட்டு அம்மா சொன்னார்களாம்: "அண்ணன் மூடி போட்டுட்டாரு இல்ல. இனிமே போய் நிக்கறது நல்லா இருக்காது."

யாருக்கும் கோபமில்லை. சண்டையும் இல்லை. எதிரே பார்த்தால் சிரிக்கிறார்கள். மூட்டையோடு வாசலில் வந்து நிற்பது மட்டும் இல்லை.

6. இரண்டாவது மழை

கார்த்திகையில் புயல் மழை. இந்த முறை தண்ணீர் இன்னும் உயரம். காலையில் ஷோரூம் ஸ்டாக்கை மேட்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எத்தியேன் அண்ணன்.

"தம்பி, இந்த மூடிய ஒருத்தனா கழட்ட முடியுமா?"

முடியாதண்ணே, கனம், ரெண்டு பேர் வேண்டும், பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். அண்ணன் மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

"எல்லாம் வாசல் வழியாத்தான் போறாங்க. ஏழுமலை அவங்கப்பாவ முதுகுல தூக்கினு போறான். லோடு ஆட்டோ தண்ணில நின்னுடுச்சி. நான் கேட்டாண்டதான் நிக்கிறேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல தம்பி."

கூப்பிடுங்கள் அண்ணே, சத்தமாகக் கூப்பிடுங்கள் என்றேன். "கூப்ட்டேன். அப்பாவ உள்ள சீட்லயாவது ஒக்கார வையின்னேன். பரவால்ல அண்ணே, நீங்க உள்ள போங்க, நனையாதீங்கன்றான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தத் தெருவில் அன்றைக்கு அந்தத் தண்ணீரில் போகக்கூடிய ஒரே வண்டி அவர் வாசலில் மூடியோடு நின்றது. அனுப்ப எங்களிடம் ஆள் இல்லை. பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஏழுமலையின் அப்பா பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அண்ணனைத் தவிர.

தண்ணீர் வடிந்ததும் வண்டியைக் கொண்டுவந்து மூடியைக் கழட்டச் சொன்னார். கழட்டினோம். வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்று ஸ்டோரிலேயே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் திறந்த தொட்டியோடு தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்தார் என்று லூசி அம்மா கலையிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏழுமலை கடை வாசலில் பெயிண்ட் டின் இறங்கும்போது பக்கத்தில் நிறுத்தி நின்றும் பார்த்திருக்கிறார். வணக்கம் வைத்தார்களே தவிர யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் ஷோரூமில் வந்து சும்மா உட்கார்ந்தார். கலை டீ வாங்கி வந்தாள்.

"மூடியத் தெறந்துட்டேன்னு வீடு வீடாப் போய்ச் சொல்ல முடியுமாம்மா?" என்று அவளிடம் கேட்டார். அந்த வாரமே வண்டியை விற்றுக் கொடுக்கச் சொன்னார். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிப் போனார். மலைக்குப் போக வேண்டிய வண்டி மலைக்குப் போயிற்று.

வருஷக் கடைசியில் எங்கள் ஊர் ரோட்டில் நாங்கள் விற்ற அந்த மாடல் ஒன்றுகூட இல்லை. சொன்னபடியே கவுண்டரை எடுத்தார்கள். வேறு மாடலுக்கு மாற்றித் தரும்படி கலைக்காகக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசி நாள் மேஜையைத் துடைத்துவிட்டு, வாசலில் ரவியிடமும் சொல்லிக்கொண்டு போனாள். இப்போது வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். தம்பி படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறான்.

சேல்ஸுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மைலேஜ், டார்க், கிரவுண்ட் கிளியரன்ஸ் எல்லாம் சொல்லுங்கள். ஆனால் வாங்குகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார், அங்கே யார் அவரிடம் என்ன கேட்பார்கள், கேட்டால் அவர் என்ன சொல்வார், கேட்காமல் விட்டால் அவருக்கு என்ன ஆகும், இதையும் முன்னாலேயே விசாரியுங்கள். மார்க்கெட் என்பது கம்பெனி அனுப்புகிற விளம்பரப் படத்தில் இல்லை, அந்த வாசலில் இருக்கிறது.

போன மாதம் அரியாங்குப்பம் பாலத்தருகே எத்தியேன் அண்ணனைப் பார்த்தேன். இருக்கிறதிலேயே சின்ன கார் ஒன்று வாங்கியிருக்கிறார். முன்னால் அவரும் லூசி அம்மாவும் உட்கார்ந்தால் பின்னால் ஒரு காய்கறிப் பைக்குத்தான் இடம். இவ்வளவு சின்னதாக ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"இதுல என்னத்த ஏத்தறது சொல்லு" என்றார். கண்ணாடியை ஏற்றப் போனவர், பாதியில் நிறுத்தி, "யாரும் கேக்கலன்னாலும் தப்பா தெரியாது பாரு" என்றார்.