எந்த வயதில் ஆரம்பித்தது?

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டரம்மா சொன்ன அன்று எங்கள் வீட்டார் நோயைப் பற்றிச் சண்டை போடவில்லை. அவன் வயதைப் பற்றித்தான் போட்டார்கள்.

"எந்த வயதில் ஆரம்பித்தது?" என்று இந்தியில் கேட்டார் டாக்டரம்மா.

"பத்தொன்பது" என்றார் அப்பா. "இருபது" என்றாள் அம்மா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அப்பா மத்திய அரசு குமாஸ்தா. எங்கள் இருவரையும் பள்ளியில் சேர்த்தபோது வயதில் ஒரு வருடத்தைக் குறைத்து எழுதிவிட்டார். பின்னாளில் சர்வீஸ் ஒரு வருடம் கூடுமாம். அண்ணனுக்கு வேலைதான் கிடைக்கவில்லை, ரிடையர்மென்ட்டுக்கு ஏற்பாடு ஆகியிருந்தது.

"ரெக்கார்டுல பத்தொன்பதுதான் இருக்கு."

"ரெக்கார்டா பெத்துச்சு? நான்தான் பெத்தேன்!"

எப்போது ஆரம்பித்தது என்பதிலும் ஒற்றுமை இல்லை. பரீட்சையில் பாதியில் எழுந்து வந்த நாள் என்றார் அப்பா. அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே அவன் குளிப்பதை நிறுத்திவிட்டான் என்றேன் நான். டெல்லி டிசம்பரில் குளிக்காதவனுக்கெல்லாம் நோய் என்றால் எங்கள் கிட்வாய் நகரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கஞ்சா பழக்கம் இருந்தால் இந்த நோய் சீக்கிரமே தலைகாட்டலாமாம். அதற்காக டாக்டரம்மா, "நஷா கர்தா ஹை?" என்று கேட்டார். அம்மாவின் இந்தி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பேரம் பேசும் அளவுக்கானது. 'நஷா' என்ற போதை அவள் காதில் 'நாஷ்தா' என்று விழுந்தது, அதாவது காலை டிபன்.

"ஹாங் ஜி, தினமும் காலையில். நானே பண்ணிக் கொடுப்பேன்" என்றாள் பெருமையாக.

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"சில நாள் சாயங்காலமும் கேட்பான்."

நான் குறுக்கே விழுந்து இட்லியை விளக்குவதற்குள் வேர்த்துவிட்டது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று மாதத்தில் அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

அவர்கள் மருந்து வாங்கப் போனதும் நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். எனக்கு அப்போது பதினெட்டு, ரெக்கார்டில் பதினேழு. "எனக்கும் வருமா?" என்று கேட்டேன். கூடப் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை, பெண்களுக்கு வந்தால் பெரும்பாலும் ஆண்களைவிடச் சில வருடம் தாமதமாக வரும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ பரீட்சையைத் தள்ளிவைத்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து வருடங்களை எண்ண ஆரம்பித்தேன். முனிர்காவில் அறை எடுத்துப் படித்தபோது, தெருவில் யார் குரல் கேட்டாலும் அறைத் தோழியிடம் "உனக்கும் கேட்டுச்சா?" என்பேன். பழைய பேப்பர்காரர் கத்தினால்கூட விடமாட்டேன். அவள் என்னைக் காது டாக்டரிடம் போகச் சொன்னாள். நோய் எந்த வயதைப் பார்த்து வரும், அம்மா சொல்வதையா, அப்பா எழுதியதையா என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். முப்பது முடிந்ததும், கண்டம் தாண்டிவிட்டது என்று ஆபீஸில் எல்லோருக்கும் பர்ஃபி கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, அப்பா கணக்குக்காக அடுத்த வருடமும் கொடுத்தேன். பிறகுதான் படித்தேன், சில பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டியும் இது தொடங்குவதுண்டாம். இரண்டு தடவை வாங்கிய பர்ஃபியும் வீண்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் இந்தப் பயத்தை அண்ணனிடமே சொல்லிவிட்டேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான் இப்போது. பாதி தோசையோடு நிமிர்ந்து பார்த்தான்.

"அரே, இதுக்கா இத்தனை வருஷம் தனியா உட்கார்ந்து எண்ணிட்டிருந்தே? வந்தா வரட்டும். ஆஸ்பத்திரி ஓபிடியில எந்த கவுண்டர்ல க்யூ சின்னதுன்னு எனக்குத் தெரியும். நான் கூட வரேன்."

பதின்மூன்று வருடத்தில் அந்த க்யூவில் அவனோடு நான் ஒருநாள்கூட நின்றதில்லை. அங்கே போனாலே ஒட்டிக்கொள்ளும் என்பது போல் பயந்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

"உனக்கு அடுத்தது எப்போ?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை. ஏழு மணிக்கே போகணும், நீ எழுந்திருப்பியா?"