வேன் பிரேக்கும் மாமனாரின் குதிரை வண்டியும்

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. ஓடுவதில் குறையே சொல்ல முடியாது, நிற்பதில்தான் தகராறு. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெறும் இரும்புக் கம்பிகள்தான். மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்த மாமனார் வீட்டு வாசலில் அது ஒருநாளும் நின்றதில்லை. மூன்று வீடு தள்ளி, ஒரு சோடாக் கடை முன்னால் போய்த்தான் நிற்கும். மாமனார் வீட்டாரும் பழகிவிட்டார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் சோடாக் கடைக்கே போய் நின்றுகொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்பார்கள்.

பிரசவத்துக்கு அங்கே போயிருந்த என் மனைவி தென்னூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. பிறந்த மகளை என் காரில்தான் வீட்டுக்கு அழைத்து வருவேன் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

"என்னை வேணா ஏத்துங்க. பிள்ளையை அதுல ஏத்த விடமாட்டேன்" என்றாள் அவள். வாழைக்காய் மண்டி வைத்திருந்த மாமனார் அதற்குள் குதிரை வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

என் காரைப் பார்த்துக்கொண்ட பாலக்கரை மெக்கானிக், உடைத்து விற்க வந்திருந்த ஒரு பழைய வேனின் ஆயில் பிரேக்கைக் காட்டினார். "மூட்டை மூட்டையா சரக்கு ஏத்தின வண்டியையே நிறுத்தினதுங்க. உங்க கார் எம்மாத்திரம்?"

பூட்டிப் பார்த்தால் ஓட்டைகள் சேரவில்லை. லேத் பட்டறைக்குத் தூக்கிப் போய்ப் புது ஓட்டை போட்டார். அப்புறம் சக்கரம் உட்காரவில்லை. என் சக்கரத்துக்கு நான்கு போல்ட், வேன் பிரேக்கின் டிரம்மில் ஐந்து.

"அப்ப வேன் சக்கரத்தையும் போட்டுட வேண்டியதுதான். பொண்ணு எடுத்தா மச்சானும் கூடவே வருவான்ல?" என்றார். கடைசியில் என் கார் ஒரு சாண் உயர்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போகிறவர் மாதிரி நின்றது.

நல்ல நாளாகப் பார்த்துப் புறப்பட்டேன். மாமனார் வீட்டு வாசல் வந்ததும் மிதித்தேன். கார் அங்கேயே, அந்த வாசலிலேயே, நின்றது. என் நெற்றி கண்ணாடியில் மோதியது. வலியிலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வாசலில் ஒரு ஈ, காக்கை இல்லை. எல்லோரும் குழந்தையோடு சோடாக் கடையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, வழியிலேயே ரிப்பேர் ஆயிடுச்சா?" என்று மனைவி கத்தினாள்.

"ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் நிறுத்தினேன்!"

அவள் நம்பவில்லை. திரும்பப் போய் வரச் சொன்னாள். மூன்று தடவை ஓட்டி, மூன்று தடவையும் வாசலிலேயே நிறுத்திக் காட்டிய பிறகு குழந்தையோடு முன்சீட்டில் ஏறினாள். மாமனார் மட்டும் மசியவில்லை. "எதுக்கும் இருக்கட்டும், பின்னாலேயே வரேன்" என்று குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார். எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை.

மடியில் குழந்தை இருந்ததால் காரை நடைவேகத்தில்தான் ஓட்டினேன். காவேரிப் பாலத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தது. பதமாக மிதித்தேன். கார் சமர்த்தாக நின்றது. குழந்தை கண்கூடத் திறக்கவில்லை. பின்னால்தான் கடகடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடி முழுக்கக் குதிரை முகம். வண்டிக்காரர் கடிவாளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் உட்கார்ந்திருந்த மாமனார் உருண்டு வந்து அவர் முதுகில் சாய்ந்திருந்தார்.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மாமனார் இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார். குதிரை வண்டியைத் திருப்பி அனுப்பினார். வந்து என் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"எதுக்கும் இருக்கட்டும்னீங்களேப்பா?" என்று என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

அவர் முன்சீட் பக்கம் குனிந்தார். இரண்டு கைகளையும் நீட்டி, தூங்குகிற பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார்.

"போங்க மாப்பிள்ளை" என்றார். "இதுதான் நிக்குது."