வலப்பக்க அறை மட்டும் ஏன் புளிக்கிறது

எனக்கு இருப்பது ஒரே ஓர் அண்ணி. பெயர் ஓக்-நிம். நாத்தனார் என்ற முறையில் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அவள் வீட்டுச் சமையலறைக்கு ஒரே ஒரு மெக்கானிக் வந்தான். அதற்குப் பிறகு இன்றுவரை எவனும் வந்ததில்லை.

அவன் வந்தது சோற்றுக் குக்கருக்காக. கல்யாணச் சீரில் வந்த கரண்டு குக்கர், மூடியின் ஓரமாக ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது. வந்தவன் மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது தேறாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனான். அண்ணிக்கு ஆறவில்லை. ரப்பர் வளையத்தை உருவிப் பார்த்தாள். அடியில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை, காய்ந்து கல்லாகி உட்கார்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் போட்டாள். அந்தக் குக்கர் என் அண்ணன் மகன் ராணுவத்துக்குப் போகும்வரை உழைத்தது.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. மருத்துவமனைக் கேண்டீனில் ஷிப்ட் முடித்து வந்தால் மற்றவர்கள் காலை நீட்டுவார்கள், இவள் மிக்ஸியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அடுக்குமாடியில் யார் வீட்டில் எது நின்றாலும் லிப்டில் ஏறி இவளிடம்தான் வரும். எடுத்த எடுப்பில் ஸ்க்ரூட்ரைவரைத் தொட மாட்டாள். "மொதல்ல ப்ளக்கப் பிடுங்கு. அப்புறம் பாரு, மோந்து பாரு, ஆட்டிப் பாரு. பாதிப் பழுது அழுக்குதான்" என்பாள். மைக்ரோவேவை மட்டும் திறக்கவே மாட்டாள்.

"அதுல ப்ளக்கப் பிடுங்கினாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும். எனக்குத் தைரியம் உண்டு, திமிர் கிடையாது."

இதில் கடைசி இரண்டு சொல்லை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

போன குளிர்காலம் அவளுடைய இந்தப் பெருமைக்கே ஆபத்து வந்தது. ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கியதும் நானும் அவளும் சேர்ந்து, இரண்டு வீட்டுக்கும் வேண்டிய கிம்ச்சி ஊறுகாயைப் போட்டுவிடுவோம். முட்டைக்கோஸை உப்பில் ஊறவைப்பதிலிருந்து மிளகாய் விழுது தடவுவதுவரை இரண்டு நாள் இடுப்பொடியும். என் வீடு தீப்பெட்டி அளவு என்பதால் என் பங்கும் அண்ணி வீட்டில்தான் இருக்கும். பின்பக்க வராந்தாவில், கிம்ச்சிக்கென்றே உள்ள குளிர்பெட்டி. இடது அறை, வலது அறை என்று மேலே இரண்டு மூடி. இடது அறை வசந்த காலத்துக்கு, வலது அறை அன்றாடம் எடுத்துச் சாப்பிட. அந்த வலது அறைதான் புளிக்க ஆரம்பித்தது.

நான் என் பங்கை வாங்கப் போனபோது டப்பாவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டிய கிம்ச்சி, பழைய துணி மாதிரித் துவண்டு கிடந்தது.

"அண்ணி, மிஷினுக்கு வயசாயிடுச்சு. கம்பெனி ஆளக் கூப்பிட்டுடலாம்."

"கூப்பிடு. அவன் வாசப்படி ஏறினா நான் எறங்கிடறேன்."

"அப்ப நான் அடுத்த வருஷம் தனியாப் போட்டுக்கறேன். இடுப்பொடியச் செஞ்சு, புளிச்சுப் போனதத் தின்னணும்னு எனக்கு என்ன தலையெழுத்து."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "சுன்-ஏ, புத்தாண்டுக்குள்ள இத நான் சரி பண்ணிடறேன். பண்ணலன்னா நீ எவன வேணும்னாலும் கூட்டிட்டு வா. அதுக்கப்புறம் இந்த வீட்டுல எந்த மிஷினையும் தொட மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உள்ளே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, "புளிச்சாத்தான் என்ன, நல்லாத்தான இருக்கு" என்றார். அவர் அண்ணனோடும் அண்ணியோடும்தான் இருக்கிறார். இரண்டு பெண்கள் சண்டைபோட்டால் நடுவில் ஏதாவது சொல்லி ஆற்றிவைப்பது அவர் வழக்கம், அதனால் நாங்கள் காதில் வாங்கவில்லை.

அண்ணி வேலையைத் தொடங்கினாள். மூடியின் ரப்பரில் காலண்டர் தாளைக் கிழித்து வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள். தாள் வரவில்லை, ஆக ரப்பர் சரி. பெட்டியைத் தள்ளிவைத்து முதுகுப்பக்கத் தூசியை உறிஞ்சி எடுத்தாள். பூனை முடிபோல ஒரு கத்தை வந்தது. ஆனாலும் புளிப்பு நிற்கவில்லை. ஒரு கிண்ணம் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு வலது அறைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. குளிர்பெட்டிக்குள் வெதுவெதுப்பு என்றால் உள்ளே இருக்கும் சூட்டுக்கம்பி வேலை செய்கிறது என்று அர்த்தம். கிம்ச்சியைச் சீக்கிரம் பழுக்கவைக்க வேண்டுமானால் பட்டனை அமுக்கிச் சூடேற்றுவதற்காக உள்ள கம்பி அது. பட்டனைப் பார்த்தாள், விளக்கு எரியவில்லை.

சூட்டை அளக்கும் சென்சாரைக் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டாள். சென்சார் கெட்டிருந்தால் புளிப்பும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. பழைய சாமான் கடையில் அதே மாடல் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, சூட்டையும் குளிரையும் இயக்கும் அதன் போர்டைக் கழற்றி வந்தாள். லீவு போட்டு மாட்டினாள். பக்கத்திலேயே காவல் இருந்தாள். பெட்டி பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. எனக்குப் போன் போட்டு, "நாக்கத் தீட்டி வெச்சுக்க" என்றாள். அடுத்த தடவை நான் போனபோது டப்பாவைத் திறந்தேன். அதே புளிப்பு.

நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். "எந்தக் கம்பெனி ஆளக் கூப்பிடலாம் அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் வீட்ல இருந்தா இது ஒழுங்கா இருக்கு. ஷிப்டுக்குப் போனா சூடாவுது. கெட்டுப்போன மிஷினுக்கு என் ஷிப்ட் எப்படித் தெரியும்?"

"அப்படின்னா?"

"மிஷின்ல ஒரு பழுதும் இல்ல. யாரோ பட்டன அமுக்கறாங்க. நான் வர்றதுக்குள்ள அணைச்சும் வெச்சுடறாங்க."

அண்ணன் பஸ் ஓட்டப் போனால் ராத்திரிதான் வருவான். பாக்கி யார்? இரண்டு பேரும் டி.வி. இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

அடுத்த ஷிப்ட் நாளில், அண்ணி சொன்னபடி நான் அப்பாவுக்குத் தெரியாமல் முன்கூட்டியே போய் வராந்தாவை ஒட்டிய சின்ன அறையில் இருந்துகொண்டேன். அண்ணி, "போயிட்டு வரேன் மாமா" என்று சொல்லி வாசல் கதவைத் திறந்து மூடினாள். பூட்டிக்கொண்டதும் பாடுகிற எலக்ட்ரானிக் பூட்டு தன் பாட்டைப் பாடி முடித்தது. அவள் வெளியே போகாமல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல என் பக்கத்தில் வந்து நின்றாள். கதவு இடுக்கில் வராந்தா முழுக்கத் தெரிந்தது.

டி.வி. சத்தம் குறைந்தது. அப்பா வந்தார். கொஞ்சமும் தடுமாறாமல் சரியான பட்டனை அமுக்கினார். பெட்டி 'பீப்' என்றது.

நான் பாய்ந்து போகப் பார்த்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இரு. யாருன்னுதான் தெரிஞ்சுது, ஏன்னு இன்னும் தெரியல."

அப்பா மூடியைத் திறந்து, டப்பாவிலிருந்து ஓர் இலையைக் கிழித்தார். வாயில் போடுவதற்கு முன் பல் செட்டைக் கழற்றி மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இலையை ஈறால் அரைத்து அரைத்து விழுங்கினார். ஒரு வாய் உள்ளே போக அவ்வளவு நேரம் ஆனது.

அண்ணி மட்டும் வெளியே போனாள். "மாமா."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். "நீ வேலைக்குப் போகலயா?"

"போகல. வாயத் தெறங்க."

கைபேசி விளக்கைப் போட்டு, மிக்ஸிக்குள் பார்ப்பதைப்போல் அவர் வாய்க்குள் பார்த்தாள். "இடது பக்கம் கீழ. ஈறு பூரா புண்ணு. எப்பலேர்ந்து?"

"மாட்டின நாள்லேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சுன்-ஏ மனசு நோகும்மா. எங்கப்பாவுக்கு நான் பல்லு கட்டினேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. வந்தா ஒடனே, நறுக்குனு கடிங்கப்பா பாப்போம்கறா. கடிச்சுக் காட்டிடுவேன். அவ போனதும் கழட்டிடுவேன். கிம்ச்சி புளிச்சு மெத்துனு ஆனாத்தான் எனக்கு உள்ள எறங்குது. உன்கிட்ட கேட்டா நீ காரணம் கேப்ப."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. இலையுதிர்காலத்தில் நான்தான் கட்டிக் கொடுத்தேன், நல்ல டாக்டராகப் பார்த்து. போகும்போதெல்லாம் முள்ளங்கிக் கிம்ச்சித் துண்டை அவர் வாயில் ஊட்டி, சத்தம் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். அந்தச் சத்தம் அவருக்கு எப்படி வலித்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

என்னைப் பார்த்ததும் அப்பா அவசரமாகப் பையில் கைவிட்டுப் பல்லை எடுத்து மாட்டப் போனார்.

"வேணாம்ப்பா."

அண்ணி அவர் கையிலிருந்து பல்லை வாங்கினாள். உதட்டுச் சாயத்தை விரலில் எடுத்துப் புண் மேல் லேசாகத் தொட்டுவைத்து, பல்லை மெதுவாக மாட்டி உடனே கழற்றினாள். உள்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"இந்த எடம்தான் உரசுது" என்றாள். "இத நான் தொட மாட்டேன், டாக்டர்தான் தேய்க்கணும். ஆனா எங்க தேய்க்கணும்னு நாமதான் சொல்லணும். பொட்டு அழியாமக் கொண்டு போய்க் காட்டு. பல்லு கட்டினவதான கூட்டிட்டுப் போகணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். பெட்டியில் பட்டன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை அணைக்கவில்லை, நானும் அணைக்கச் சொல்லவில்லை.

பல்லை என் கைக்குட்டையில் வைத்தாள். அப்பாவின் வாய்ச்சூடு அதில் இன்னும் இருந்தது. அவர் பொக்கை வாயோடு என்னைப் பார்த்து, "பல்லு நல்ல பல்லும்மா. பாக்கறவங்க எல்லாம் அழகா இருக்குன்னுதான் சொல்றாங்க" என்றார்.

அவர் கோட்டை எடுத்து வந்து, குனிந்து பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.